சாமியும் பூச்சாண்டியும் ஒன்றா? ஒப்பீட்டை நியாயமாக எடைபோடும் முறை

பிள்ளையார் நோன்புக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ பங்காளிகள் எல்லோரும் ஊர் வீட்டில் கூடும்போது, வெளியூரில் படிக்கும் பேரனோ பேத்தியோ கூடத்துப் பட்டாலையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வியைப் போடுவது செட்டிநாட்டு வீடுகளில் இப்போது அரிதன்று. "சின்ன வயசில பூச்சாண்டி வருவான்னு சொன்னீங்க, நம்பினோம். வளர்ந்ததும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. சாமியும் அப்படித்தானே, அப்பத்தா?" இதைக் கேட்டவுடன் பெரியவர்களில் சிலர் அதட்டி அடக்குகிறார்கள், சிலர் காதில் விழாததுபோல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இவர்களிடம் விடை இல்லை என்று பிள்ளை முடிவுகட்டுவதற்கு இரண்டில் எதுவானாலும் போதும்.

மேலைநாடுகளில் இந்தக் கேள்வி நெடுங்காலமாகவே கேட்கப்பட்டு வருகிறது. அங்கே பூச்சாண்டியின் இடத்தில் பரிசு கொண்டுவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவும், விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் தேவதையும் இருக்கிறார்கள். அவர்களை நம்புவதை விட்டுவிட்ட மனிதர் கடவுளை நம்புவதை மட்டும் ஏன் விடவில்லை என்பது அங்குள்ள நாத்திகர்கள் கேட்பது. கேள்வி நேர்மையானது. ஆனால் அதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாது, ஏனென்றால் நம் சமய நம்பிக்கைகளில் சில பூச்சாண்டிக்கு நெருங்கிய உறவு, சில அந்த ஒப்பீட்டுக்குள் அடங்கவே அடங்காதவை. எதை எதனோடு வைத்துப் பார்ப்பது, எந்த இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுதுகிற எனக்கு இறை நம்பிக்கை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் பேச்சைத் தொடங்கும்முன் உங்கள் நிலை எது என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒரு பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நடுநிலையாளர்போல் பேசுகிறவரைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள், அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் அவர்களிடம் எடுபடாது.

எந்த நம்பிக்கை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

குன்றக்குடியை எடுத்துக்கொள்வோம். மலைமேல் சண்முகநாதர் இருக்கிறார். அந்த மலையே மயிலின் உருவம் என்கிறது தலபுராணம். பிள்ளைக்கு உடம்பு தேறினால் காவடி எடுக்கிறேன் என்று ஒருவர் நேர்ந்துகொள்கிறார். இன்னொருவர் எதையும் கேட்பதில்லை. படியேறி வந்து சற்று நேரம் நின்றால் மனம் அடங்குகிறது என்பதற்காகவே வருகிறார். அடிவாரத்தில் ஒரு தாய், அடம்பிடிக்கும் குழந்தையிடம் "சாமி கண்ணைக் குத்தும்" என்கிறார். இவை எல்லாவற்றுக்கும் அடியில், உலகத்துக்கு ஒரு மூலம் உண்டு, அது அறிவும் அருளும் உடையது என்ற எண்ணம் கிடக்கிறது.

புராணக் கதை, நேர்த்திக்கடன், மன அமைதி, மிரட்டல், உலக மூலம் என்னும் இந்த ஐந்தையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பேசினால் விவாதம் நூறு ஆண்டு நடந்தாலும் முடியாது. நாத்திகர் மலை மயிலான கதையைத் தாக்குவார், ஆத்திகர் உலக மூலத்தைக் காட்டி அதற்கு மறுப்புச் சொல்வார், இருவருமே தாம் வென்றதாக நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஆகவே கேட்ட பிள்ளையிடம் முதலில் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஐந்தில் நீ எதைப் பூச்சாண்டி என்கிறாய்?

பிள்ளைப் பருவத்து நம்பிக்கைகளையும் இதே கவனத்தோடு பிரிக்க வேண்டும். நிலாவில் பாட்டி வடை சுடுவது வெறும் கதை; அதை நம்பியே தீர வேண்டும் என்று எந்தத் தாயும் வற்புறுத்தியதில்லை. பழத்தின் கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்பது எச்சரிக்கை. பூச்சாண்டியும் பிள்ளை பிடிக்கிறவனும் மிரட்டல். நோட்டுக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்பதைப் பெரியவர்கள் சொல்வதேயில்லை. அது பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்வது. இந்த நான்கும் நான்கு வகை. ஒப்பிடுகிறவர் தாம் எந்த வகையை நினைத்து ஒப்பிடுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சொல்லுகிறவர் தாமே நம்புகிறாரா என்று பாருங்கள்

இந்தக் கேள்வியில் ஒப்பீட்டின் பாதி தெளிந்துவிடும். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமாகச் சொல்லப்படுபவர், இன்றைய துருக்கியில் உள்ள மைரா என்னும் ஊரில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலஸ். ஆனால் பனிமான் வண்டியில் வந்து புகைபோக்கி வழியாக இறங்குகிற தாத்தாவை, பிள்ளைக்குச் சொல்லும் தந்தையும் நம்புவதில்லை, தாயும் நம்புவதில்லை. 1897-இல் வர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமி, தன் தோழர்கள் அப்படி ஒருவர் இல்லை என்கிறார்களே என்று நியூயார்க் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிக் கேட்டாள். இருக்கிறார் என்று அந்த இதழ் தலையங்கமே எழுதியது. அன்பும் பெருந்தன்மையும் உலகில் இருப்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மையாக அவரும் இருக்கிறார் என்னும் பொருளில் அமைந்த அழகான விடை அது. என்றாலும் தலையங்கம் எழுதியவர் இரவில் வண்டியின் மணியோசைக்காகக் காத்திருந்தவர் அல்லர். அங்கே பிள்ளைகளின் நம்பிக்கை உடைவது ஒரு தருக்கத்தால் அன்று. பெற்றோர் அலமாரியில் ஒளித்துவைத்த பரிசுப் பொட்டலத்தைப் பார்த்துவிடுவதால். சொன்னவரின் கை தெரிந்துவிட்டது, கதை முடிந்தது. அதன்பின் பெரியவர்கள் யாரும் அந்தத் தாத்தா உண்டா இல்லையா என்று தமக்குள் விவாதிப்பதில்லை.

சாமி உண்டு என்று பேத்திக்குச் சொன்ன அப்பத்தாவோ, பேத்தி சென்னைக்குப் போன பிறகும், வளவில் ஒருவரும் இல்லாத நாளிலும், விடியுமுன் எழுந்து சாமி அறையில் விளக்கேற்றுகிறார். அங்கே ஒளித்துவைத்த பொட்டலம் எதுவும் இல்லை. தாம் நம்புவதையே அவர் சொன்னார். ஆகவே பெரியவர்கள் நமக்கு ஒரு பொய்யைச் சொல்லி வளர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் ஒட்டாது. ஒப்பீடு நியாயம் தவறும் முதல் இடம் இது. கேட்கிற பிள்ளை இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிலுக்கு நம்பிக்கை உள்ளவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொன்னபோது நாம் அதை நம்பிச் சொல்லவில்லை. பொய் சொன்ன எந்தப் பிள்ளையின் கண்ணையும் எந்தச் சாமியும் குத்தியதில்லை என்பது நமக்குத் தெரியும். சோறு உண்ண வைக்கவும், வாயை அடக்கவும், நம் வேலை நடக்கவும் இறைவனைப் பூச்சாண்டியின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நாமே. இந்த ஓர் இடத்தில் ஒப்பீடு முழுக்கப் பொருந்துகிறது. அதைத் தயங்காமல், வளைக்காமல், "ஆமாம், அது பூச்சாண்டிதான்" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல மனம் வராத ஆத்திகர் மற்ற இடங்களில் எவ்வளவு நல்ல வாதத்தை எடுத்துவைத்தாலும் பிள்ளை செவிகொடுக்காது, செவிகொடுக்கத் தேவையும் இல்லை.

சொல்பவர் உண்மையாக நம்பினார் என்பதால் மட்டும் சொன்னது உண்மையாகிவிடாது. சூரியனைப் பாம்பு விழுங்குவதால் கிரகணம் வருகிறது என்பதைப் பெரியவர்களே மனமார நம்பியிருக்கிறார்கள். பிள்ளைகளை ஏய்க்க அவர்கள் அதைச் சொல்லவில்லை. சந்திரனின் நிழலும் பூமியின் நிழலுமே கிரகணத்துக்குக் காரணம் என்று ஆரியபடர் 499-இல் எழுதியபின்னும் இராகுவின் கதை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருந்தது. 2019 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டைப் பக்கத்தில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தபோது, அந்த நேரத்தை நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சொன்னது வானியல் கணக்கு. என் கருத்தில், நாத்திகம் பேசும் பிள்ளை கையில் எடுக்க வேண்டிய சரியான உவமை பூச்சாண்டி அன்று, இந்த இராகுதான். பூச்சாண்டியைச் சொன்னால் பெரியவர்களைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். இராகுவைச் சொன்னால், நல்லறிவும் நல்ல நெஞ்சமும் உடையவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தவறியிருக்கக்கூடும் என்று சொன்னதாகும். இது வலிமையான வாதம், மரியாதையான வாதமும்கூட. இதற்கு விடை சொல்லத்தான் ஆத்திகர் உழைக்க வேண்டியிருக்கிறது.

நழுவும் வழி முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள்

மயிலிறகுக்கு வருவோம். விராலிமலையிலோ குன்றக்குடியிலோ பொறுக்கிய இறகிலிருந்து ஒரு கீற்றைப் பிய்த்து, நோட்டின் நடுப்பக்கத்தில் வைத்து, அதற்குத் தீனியாகப் பென்சில் சீவலைத் தூவி மூடிவைப்பது பிள்ளைகளின் வழக்கம். குட்டி போட்டதா என்று அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. வானத்துக்குக் காட்டவே கூடாது. காட்டினால் குட்டி போடாது. நாள் செல்லும், இறகு அப்படியே கிடக்கும். அப்போது தோழி சொல்வாள்: "நீ வானத்துக்குக் காட்டியிருப்பே."

அந்த விதியைக் கவனியுங்கள். இறகு குட்டி போடும் என்ற கூற்று எந்நாளும் தோற்காதபடி, தோல்விக்கான காரணம் கூற்றோடு சேர்த்தே தரப்பட்டிருக்கிறது. தவறு எப்போதும் வைத்திருந்தவளுடையது, இறகினுடையது ஆகாது. பிள்ளைப் பருவத்து நம்பிக்கைகளின் மிக நுட்பமான உறுப்பு இதுவே என்று நினைக்கிறேன்; அதனாலேயே ஒப்பீட்டுக்கு இதைப்போல் உதவும் பொருள் வேறில்லை.

நேர்த்திக்கடன் பேச்சை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரைக்குடியில் கொப்புடைய அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காரியம் கைகூடிவிட்டால், அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். கைகூடாவிட்டால் வேண்டுதலில் குறை இருந்திருக்கும், நேரம் சரியில்லை, போன பிறவியின் வினை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம். கைகூடியவை பத்து வீடுகளில் பேசப்படுகின்றன. கைகூடாதவை அந்த வீட்டுக் கதவைத் தாண்டுவதில்லை. வேண்டினால் கிடைக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டால், அது மயிலிறகின் விதியோடுதான் ஓடுகிறது. இங்கும் ஒப்பீடு நியாயமானது; நம்பிக்கை உள்ளவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது.

ஆனால் வேண்டியது கிடைக்காதபின்னும் கோயிலுக்குப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் அடுத்த கார்த்திகைக்கும் அதே படியில் ஏறுகிறார். குட்டி போடாத இறகைப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் மறந்துவிடுகிறார்கள்; இவர் மறக்கவுமில்லை, விடவுமில்லை. நாத்திகர் இதை நழுவல் விதியின் உச்சம் என்று சொல்லலாம். அவருடைய நம்பிக்கை கொடுக்கல் வாங்கலாக ஒருநாளும் இருந்ததில்லை என்று ஆத்திகர் சொல்லலாம். வெளியில் நின்று பார்க்கிறவருக்கு எது சரி என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அவரிடமே கேட்பது: என்ன நடந்தால் நீங்கள் இந்த நம்பிக்கையை விடுவீர்கள்? இதே கேள்வியை நாத்திகரிடமும் கேளுங்கள்: என்ன நடந்தால் நீங்கள் இதை ஏற்பீர்கள்? இரண்டு பேரும் உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்று நெருக்காதீர்கள். நான் பார்த்தவரையில் யோசித்துச் சொல்லப்படும் விடைகள் சட்டென்று வரும் விடைகளிலிருந்து பெரிதும் மாறுபடுகின்றன.

காட்சி, கருதல், உரை: மூன்று அளவைகளையும் வைத்துப் பாருங்கள்

ஒன்றை அறிவதற்கு நம் சைவ நூல்கள் அளவைகளை வகுத்திருக்கின்றன. கண்ணால் கண்டறிவது காட்சி. கண்டதிலிருந்து காணாததை உய்த்தறிவது கருதல். அறிந்தவர் சொல்லக் கேட்டறிவது உரை. வீட்டு விவாதத்துக்கு இதைவிட நல்ல கருவி தேவையில்லை.

பூச்சாண்டியைப் பிள்ளை நம்புவது உரையால். சாமியை நம்புவதும் தொடக்கத்தில் உரையால்தான். இதைக் கண்டதும் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கிருமியையும் பிள்ளை உரையால்தான் நம்புகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் அறிதலை ஆராய்ந்த பால் ஹாரிசும் உடனிருந்தோரும், கிருமி, ஆக்சிஜன் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றைக் குழந்தைகள் உறுதியாக நம்புவதையும், கடவுள், கிறிஸ்துமஸ் தாத்தா ஆகியோரைப் பற்றி அந்த உறுதி சற்றுக் குறைவாக இருப்பதையும் கண்டார்கள். கிருமியைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் ஐயத்துக்கே இடமில்லாத தொனியில் பேசுவதும், கடவுளைப் பற்றிப் பேசும்போது "நான் நம்புகிறேன்" என்று சேர்த்துக்கொள்வதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனவே பிறர் சொல்லக் கேட்டு நம்பினோம் என்பது ஒரு நம்பிக்கையின் குறை ஆகாது. வளர்ந்தபின் அந்த உரைக்குத் துணையாக மற்ற இரண்டு அளவைகளும் வருகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். கிருமிக்கு நுண்ணோக்கி வந்துவிட்டது. எலக்ட்ரானுக்கு, காரைக்குடியிலேயே 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் நாள்தோறும் கருவிகள் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. பூச்சாண்டிக்கு எதுவும் வரவில்லை.

இறைவனுக்கு? காட்சி அளவையால் நிறுவ முடியாது என்பதை ஆத்திகர் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மீதி இருப்பது கருதல். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை எழுதிய மெய்கண்டார் அதன் முதல் நூற்பாவிலேயே அந்த வழியைத்தான் எடுக்கிறார்: உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே அதை அப்படிச் செய்விக்கும் ஒருவன் உண்டு என்பது அவர் வாதம். அந்த வாதம் வெல்கிறதா என்பது வேறு கேள்வி. உலகம் தானே தோன்றி ஒடுங்கக் கூடாதா, செய்விப்பவனைச் செய்வித்தவன் யார் என்று மறுத்துக் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். என்றாலும் அது வாதம். பூச்சாண்டி உண்டு என்பதற்கு எந்த மொழியிலும் யாரும் ஒரு நூற்பா எழுதியதில்லை.

மறுபக்கத்தையும் நம் முன்னோர் அலட்சியம் செய்யவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிறருடைய 14 கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுக்கிறார். அதில் முதலில் நிற்பது, கண்டதே மெய் என்னும் உலகாயதம். அதற்கும் முற்பட்ட மணிமேகலையில், வஞ்சி நகரத்தில், பூதங்களின் சேர்க்கையே உலகம் என்னும் பூதவாதி ஒருவர் காட்சியைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்று சொல்ல, உன் தாய் தந்தையரைக் கருதலால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். இன்றைக்கு மரபணுச் சோதனை இருக்கிறதே என்று பேத்தி சொல்லுவாள். சொல்லட்டும். அந்தச் சோதனையும் கருதல்தான், காட்சி அன்று என்று நீங்கள் சொல்லலாம். பேச்சு அங்கே உண்மையிலேயே சுவையாகிவிடும்.

நிறுவும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை மட்டும் தட்டிக்கழிக்கக் கூடாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையில் எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத ஒரு சிறு தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அதை இல்லை என்று நிறுவும் கடமை கேட்பவருக்கு இல்லை என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952-இல் எழுதினார். இது சரியே. உண்டு என்று சொல்கிறவரே காரணம் காட்ட வேண்டும். "இல்லைன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" என்று பிள்ளையிடம் கேட்டு மடக்குகிற பெரியவர், பூச்சாண்டியையும் கெண்டியையும் அதே கேள்வியால் காப்பாற்றிவிடலாம் என்பதை உணர வேண்டும். அந்தக் கேள்வியைக் கைவிடுங்கள்.

வளர்ந்தபின் வருகிறவர்களையும் போகிறவர்களையும் கணக்கில் கொள்ளுங்கள்

நாற்பது வயதில் ஒருவர் ஆராய்ந்து பார்த்துப் பூச்சாண்டியை நம்பத் தொடங்கினார் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. இறை நம்பிக்கைக்கு அப்படி வந்தவர்கள் உண்டு. நம் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த கண்ணதாசன், திராவிட இயக்க மேடைகளில் நாத்திகம் பேசியவர். பின்னாளில் பக்திப் பாடல்களும் சமய விளக்கங்களும் எழுதினார். நேர் எதிர்த் திசையில், வைணவப் பற்று மிகுந்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பெரியார் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்து, வாழ்நாள் முழுதும் அதில் நின்றார். இருவரும் வளர்ந்து, படித்து, பட்டறிந்து முடிவெடுத்தவர்கள். ஆகவே வயது வந்தால் சாமி நம்பிக்கை தானாகக் கழன்றுவிடும் என்பதும் சரியன்று, வயது முதிர்ந்தால் தானாக வந்துவிடும் என்று பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் ஆரூடமும் சரியன்று. பெரியாரும் சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் கொள்கையில் இரு துருவங்களாக நின்றும் ஒருவரையொருவர் மதித்துப் பழகியது நம் வட்டாரம் அறிந்த செய்தி. எதிராளியைக் குழந்தை என்று நினைத்திருந்தால் அந்த மதிப்புக்கே இடமிருந்திராது.

குழந்தைப் பருவத்து ஆதரவின்மையும் காக்கும் தந்தைக்கான ஏக்கமுமே வளர்ந்தபின் கடவுளாகின்றன என்று 1927-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதியதை உங்கள் பிள்ளை எடுத்துக்காட்டக்கூடும். ஒரு நம்பிக்கை ஏக்கத்திலிருந்து பிறந்தது என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது என்று ஃப்ராய்டே அங்கு ஒத்துக்கொள்கிறார். எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, மெய்யா பொய்யா என்பது இன்னொரு கேள்வி. அவ்வளவு சொன்னால் போதும்.

எல்லையில் நிற்பவற்றை எல்லையிலேயே விடுங்கள்

செட்டிநாட்டில் இந்தப் பிரிப்பு முழுக்க ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. இரவில் கருப்பர் குதிரையேறி ஊரைச் சுற்றுவார், எதிரில் போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அது மிரட்டலா, நம்பிக்கையா? சொல்கிறவரைக் கேட்டால் பாதி பாதி என்றுதான் படுகிறது; பகலில் சிரித்துக்கொண்டே சொல்கிறவர் இரவில் அந்தப் பாதையில் போவதில்லை.

ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுக்கிறார்கள். வேளார் மண்ணைப் பிசைந்து, காலும் கழுத்தும் தனித்தனியாக வனைந்து ஒட்டி, சுட்டு, வண்ணம் பூசிக் குதிரை செய்கிறார். களிமண் குதிரையான கதை ஊருக்கே தெரியும். யாரிடமிருந்தும் எதுவும் ஒளிக்கப்படவில்லை. அந்தக் குதிரையையே மாலை சாத்தித் தோளில் சுமந்து ஐயனார் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், கும்பிடுகிறார்கள். பின்பு அது மழையிலும் வெயிலிலும் கிடந்து மூக்கு உடைந்து, காது உதிர்ந்து, கடைசியில் மண்ணோடு மண்ணாகிறது. அதைப் பழுது பார்ப்பதில்லை, அடுத்த எடுப்புக்குப் புதிதாகச் செய்கிறார்கள். பொட்டலத்தைக் கண்ட பிள்ளைக்குத் தாத்தா இல்லாமல் போகிறார். களிமண்ணைக் கண்ட ஊருக்கு ஐயனார் இல்லாமல் போகவில்லை. இதை வைத்து ஐயனார் உண்டு என்று நான் வாதிக்கவில்லை. இந்த நம்பிக்கை செயல்படும் விதம் வேறு என்பதை மட்டும் காட்டுகிறேன். கேட்கிற பிள்ளைக்கும் அதை மட்டும் காட்டுங்கள்.

செயலையும் நம்பிக்கையையும் பிரித்துப் பார்க்க வேண்டிய இன்னோர் இடம் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள். சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் 21 நூலிழைத் திரியை இழைமாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் நீட்ட, எரியும் சுடரோடு வாயில் வாங்கிக்கொள்கிறோம். கடலில் புயலில் அகப்பட்ட நம் வணிகர்கள் பிள்ளையாரை வேண்டிப் பிழைத்தார்கள் என்ற கதை அதற்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை வரலாறா என்று எனக்கு உறுதியில்லை என்று சொல்லிக்கொண்டே இழை எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். அவர்கள் போலிகள் அல்லர். பங்காளிகளோடு கூடுவது, முன்னோரை நினைப்பது, வெல்லமும் நெய்யும் மணக்கும் அந்த மாவு நாக்கில் படும் நொடியின் அச்சம், இவையெல்லாம் கதையின் உறுதியைச் சார்ந்திருக்கவில்லை. இழை எடுக்க வருகிற பிள்ளையிடம் நம்புகிறாயா என்று விசாரிக்காதீர்கள். நம்பவில்லை என்று சொல்லி எடுக்க மறுக்கும் பிள்ளையைப் பங்காளிகள் முன்னால் பழிக்கவும் செய்யாதீர்கள்.

வீட்டில் பேசும்போது

கூட்டத்தின் நடுவில் இந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம். சாப்பாடு முடிந்து, இரண்டாம் கட்டில் ஆள் குறைந்தபின் உட்காருங்கள். பிள்ளை சொன்னதை முதலில் நீங்கள் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, நீ சொன்னது இதுதானே என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பொருந்தும் இடங்களை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்: மிரட்டல், நேர்த்திக்கடனின் நழுவல். பொருந்தாத இடங்களைப் பிறகு எடுத்துவையுங்கள். "ஐயா காலத்திலேருந்து கும்பிடுறோம்" என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அது உங்களுக்குப் பற்று, பிள்ளைக்குக் காரணம் ஆகாது. "படிச்ச திமிரு" என்ற சொல் வாயில் வரக் கூடாது. பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: அப்பத்தாவின் நம்பிக்கையை மறுக்கலாம், தவறென்று நிறுவ முயலலாம், அதற்கு உரிமை உண்டு, ஆனால் எண்பது ஆண்டு வாழ்ந்து, பெற்று, இழந்து, தாங்கிவந்த ஒரு மனத்தைக் கட்டிலுக்கு அடியில் பூதம் இருப்பதாக நடுங்கும் மனத்தோடு ஒன்றாக வைப்பது கணக்கிலேயே தவறு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியால் வீடுகளில் உண்டாகும் காயம் பெரும்பாலும் கேள்வியால் வருவதில்லை, அந்த ஒரு தொனியால் வருகிறது.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை கேட்டால் நீளமாக விளக்க வேண்டாம். பூச்சாண்டி நாங்கள் உண்டாக்கிச் சொன்ன கதை, இனிச் சொல்லமாட்டோம் என்று சொல்லுங்கள். சாமியை நான் நம்புகிறேன், உன் சித்தப்பா நம்பவில்லை, இருவரும் யோசித்துத்தான் சொல்கிறோம், நீயும் யோசிக்கலாம் என்று சொல்லுங்கள். அதன்பின் அந்த வீட்டில் சாமியைக் காட்டி யாரும் பிள்ளையை மிரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விருந்தாளியாக வந்த உறவினர் மிரட்டினாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கல்லூரிப் பிள்ளையாக இருந்தால் அடுத்த விடுமுறைக்குள் பரபக்கத்தின் உலகாயதப் பகுதியை உரையோடு தேடி எடுத்துவையுங்கள். உலகாயதன் கூற்றை நீங்கள் வாசித்து அவன் பக்கம் நின்று பேசுங்கள். அதை மறுக்கும் பகுதியைப் பிள்ளை வாசித்து மறுக்கட்டும். முடிந்ததும் பக்கத்தை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை பேசுங்கள்.